கண்ணாத்தாள் வளர்த்த பூச்சி

சுப்பையன் ரிக் வண்டியில் வேலைக்குக் கிளம்பிய காலையில் எருமையைப் பற்றியோ கடலைக்காட்டைப் பற்றியோ மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பூச்சியைப் பற்றித்தான் சொன்னான்.

"தண்ணி காயாமப் பாத்துக்க. வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு கரப்பான் புடிச்சு உள்ள உடு. கண்ணாடியத் தொறந்து வெச்சுட்டு எங்கியும் போயிராத. அவ்வளவுதான்."

"கட்டுன பொண்டாட்டிக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்று கண்ணாத்தாள் கேட்டாள்.

அவன் சிரித்தான். "உனக்கு என்னத்தச் சொல்றது? உனக்குத்தான் எல்லாந் தெரியுமே."

எண்பத்திரண்டாம் வருடம் அது. மல்லசமுத்திரத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் பாதிக்கு மேல் பாறை தெரிய வற்றிக் கிடந்தன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தன. போனால் திரும்பிவர ஒரு வருடம் ஆகும். வெள்ளாமை பொய்த்துப்போன வீடுகளிலிருந்து ஆண்கள் அந்த வண்டிகளில் ஏறினார்கள்; சுப்பையனும் ஏறினான். மகள் வசந்தாமணி சங்ககிரியில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து வீட்டில் கண்ணாத்தாளும் எருமையும் அந்தப் பூச்சியும்தான் மிச்சம். வரப்புக்கு அந்தப்பக்கம் சுப்பையனின் அண்ணன் சின்னண்ணனும் அவர் மனைவி ராமாயியும் குடியிருந்தார்கள்.

பூச்சி என்றால் எட்டுக்கால் பூச்சி. வீட்டு மூலையில் நூலாம்படை கட்டுகிற சின்னச் சிலந்தி அல்ல. விரித்த உள்ளங்கையைவிடப் பெரியது, உடம்பெல்லாம் மயிர். முந்தைய வருடக் காற்றில் சாலையோரப் புளியமரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. விறகுக்கு ஆகும் என்று சுப்பையன் அதை இழுத்துவந்து வெட்டியபோது பொந்துக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. சாம்பல் நிற முதுகில் இலை நரம்புபோல ஒரு கோலம். கூட இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். சுப்பையன் கொடுவாளை ஓங்கினான். அது ஓடவில்லை. முன்னங்கால்களை உயரத் தூக்கிக்கொண்டு அவனுக்கு நேராக நின்றது. கால்களின் அடிப்பக்கம் பளிச்சென்ற மஞ்சள். அவன் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு ஈயப் போசி ஒன்றைக் கவிழ்த்து அதை மூடினான்.

பழைய பலகைகளைக் கொண்டு ஒரு பெட்டி செய்தான். மேலே கோழிப்பண்ணையில் மீந்த கம்பிவலை. முன்பக்கத்துக்கு உடைந்த சாமி படத்தின் கண்ணாடி. உள்ளே அதே புளியங்கட்டையைப் பொந்தோடு நிறுத்திவைத்தான். அதன் பிறகு பொழுது சாய்ந்தால் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான். இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவன். கண்ணாத்தாள் அடுப்படியிலிருந்து பார்த்தால் அவன் முதுகுதான் தெரியும்.

"அப்பிடி என்னதானுங்க தெரியுது அதுல?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"ஒண்ணுந் தெரியல. அதான் பாக்கறேன்" என்றான்.

அந்தப் பதிலை அவள் மன்னிக்கவே இல்லை. தன்னை அவன் அப்படி ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். இப்போது அவனும் போய்விட்டான். அதன் காவலை அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

முதல் சில வாரங்கள் கண்ணாடியைக் கொஞ்சமாக நகர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கரப்பானை உள்ளே போட்டாள். கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றினாள். பூச்சி எப்போது வெளியே வருகிறது, எப்படித் தின்கிறது என்றெல்லாம் பார்க்கவில்லை. மறுநாள் கரப்பானின் றெக்கை கிடந்தால் வேலை முடிந்தது.

பங்குனியில் றெக்கை கிடப்பது நின்றது. போட்ட கரப்பான்கள் பெட்டிக்குள் உயிரோடு திரிந்தன. பொந்தின் வாய் வெள்ளையாக நூல் பின்னி அடைபட்டிருந்தது. எட்டிப் பார்ப்பதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு காலையில் அடைப்பு விலகியிருந்தது. உள்ளே நூல் விரிப்பின்மேல் பூச்சி மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே பார்த்திருந்தன.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். சனி ஒழிந்தது என்று வாய்விட்டே சொன்னாள். முறத்தை எடுத்துக்கொண்டு வந்தவள், கண்ணாடியில் கைவைத்ததும் நின்றாள். அவன் வந்து கேட்டால் என்ன சொல்வது? அவள் பட்டினி போடவில்லை, தண்ணீரும் காயவில்லை. ஆனால் தான் அதன் சாவை வேண்டிக்கொண்டிருந்தது தனக்குத் தெரியுமே என்று நினைத்தாள். அப்போது ஒரு கால், ஒரே ஒரு கால், தூங்கும் குழந்தையின் விரல்போல அசைந்தது.

முறத்தை வைத்துவிட்டுக் களை வெட்டப் போனாள். களைக்கொத்து ஓடவில்லை. உச்சி வெயிலில் திரும்பி வந்து பார்த்தபோது பெட்டிக்குள் இரண்டு பூச்சிகள் இருந்தன. ஒன்று பழசு, மங்கல், வயிறு சுருங்கி வெற்றாக. பக்கத்தில் இன்னொன்று, அதைவிடப் பெரியது, ஈரம் காயாத கோலத்தோடு வெளிர்நிறத்தில் சாய்ந்து கிடந்தது. பழசை ஒரு குச்சியால் வெளியே தள்ளினாள். எடையே இல்லை. மயிர், நகம், பல்லின் உறைகூட அப்படியே இருந்தது. பூச்சிதான் இல்லை. சட்டை உரித்திருக்கிறது!

தனியாக இருந்த அந்த வீட்டில் கண்ணாத்தாள் சத்தமாகச் சிரித்தாள். உடனே வரப்பைத் தாண்டிப் போய் ராமாயியிடம் அந்தத் தோலைக் காட்டினாள்.

"ச்சீ! கொண்டுபோய்க் குப்பையில போடு. ஊட்டுக்குள்ள இதயெல்லாம் வெச்சிருந்தா வெளங்குமா?" என்றாள் ராமாயி.

கண்ணாத்தாள் குப்பையில் போடவில்லை. அன்றைக்கு உள்ளே திரிந்த கரப்பான்களைப் பிடித்து வெளியே விட்டாள். கன்று போட்ட எருமைக்குப் பக்கத்தில் நாயை விடுவோமா? அதேபோலத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பூச்சி கருத்துக் கெட்டியாகும் வரை காத்திருந்து, பிறகு முதல் முறையாக முகத்தைத் திருப்பாமல் இரையை விட்டாள். அது பாய்ந்த வேகம் கண்ணுக்கே தெரியவில்லை. அவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள். எழுந்து மறுபடியும் பார்த்தாள்.

அதற்குப் பின் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பருத்திக்காட்டு வெட்டுக்கிளி ஆகாது, அதில் மருந்து அடித்திருப்பார்கள் என்று கடலைக்காட்டில் தேடிப் பிடித்தாள். வெயில் ஏறினால் பெட்டியின்மேல் ஈரச்சாக்குப் போட்டாள். பூச்சிக்கு அவளைத் தெரியாது. இரையைப் போடும் கையையும் அதற்குத் தெரியாது. கை அருகே போனால் காலைத்தான் தூக்கியது. எருமை அவளைக் கண்டால் கத்தும். ராமாயிக்கு அவளிடம் தினம் ஏதாவது தேவைப்படும். ஊரில் எவரும் அவளிடம் ஒன்றை எதிர்பார்க்காமல் முகம் பார்த்ததில்லை. இது எதையும் கேட்கவில்லை, நன்றியும் காட்டவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தானும் யாருக்கும் ஒன்றுமாக இல்லாமல் கொஞ்சநேரம் இருக்க முடிகிறது என்பதை அவள் மெல்லக் கண்டுகொண்டாள். அவன் முதுகு ஏன் அப்படி அசையாமல் இருந்தது என்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

ஆவணியில் மழை பிடித்தது. ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டிப் பக்கமிருந்து டொக் டொக்கென்று சன்னமாக ஒரு சத்தம். பலகைமேல், வெளிப்பக்கமாக, இன்னொரு பூச்சி. ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள், பழுப்பு நிறம். முன்னங்கால்களால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. கண்ணாத்தாள் விளக்குமாற்றை எடுத்தாள். அப்போது உள்ளேயிருந்தும் டொக்கென்று ஒரு பதில் வந்தது.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை மெதுவாக நகர்த்தினாள். ஆண் உள்ளே போயிற்று. ஓரடி வைப்பதும் தட்டுவதும் நிற்பதுமாக, கடன் கேட்க வந்தவனைப் போல அத்தனை தயக்கம். பெண் பொந்திலிருந்து பாதி வெளியே வந்து காத்திருந்தது. பிறகு நடந்ததைக் கண்ணாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தான் பார்ப்பது சரியா என்று வெட்கம்கூட வந்தது. ஆண் தப்பித்து ஒரு மூலைக்குப் போனதும்தான் மூச்சு விட்டாள்.

சில நாட்கள் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிறகு ஒரு காலையில் பெட்டிக்குள் ஆணின் கால்கள் மட்டும் கிடந்தன. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அன்று போட வேண்டிய இரையைப் போடவில்லை. "தின்னுட்டயல்ல, அதே போதும், கெட" என்று திட்டினாள். திட்டிவிட்டு, தான் யாரைத் திட்டுகிறோம் என்று யோசித்தாள். வெளியூர் போய் எட்டு மாதமாகியும் ஆள்மூலம் ஒரு சேதிகூடச் சொல்லி அனுப்பாதவன் ஒருவன் இருந்தான். பூச்சி தன் வயிற்றுக்கானதைச் செய்தது. மறுநாள் அதற்கு வெட்டுக்கிளி பிடித்துப் போட்டாள்.

ஐப்பசி அடைமழையில் ராமாயிக்கு இடுப்பைச் சுற்றி அக்கி கிளம்பியது. சின்னண்ணன் குயவரை அழைத்துவந்து காவி குழைத்து அக்கி எழுத வைத்தார். எழுதிய குயவர், பூச்சி எச்சில் பட்டால் இப்படி வரும் என்று பொதுவாக ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அது போதுமானதாக இருந்தது. அன்று மதியமே சின்னண்ணன் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வாசலில் நின்றார்.

"அம்மிணி, தள்ளிக்க. அதக் கொளுத்தீட்டுத்தான் மறுவேல."

கண்ணாத்தாள் அதுவரை கணவனின் அண்ணனிடம் நேர்நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஓரிரு சொல்தான். இப்போது நடையை மறித்து நின்றாள்.

"வேண்டாமுங்க மாமா. அது பெட்டிய உட்டு வெளிய வந்ததே இல்லீங்க. அக்காளும் எங்கூட்டுக்குள்ள கால் வெச்சு மாசக்கணக்காச்சு."

"காத்துல பட்டிருக்கும். நீ தள்ளு. தம்பி வந்தா நாஞ் சொல்லிக்கறேன்."

"அது செனையா இருக்குதுங்க."

சின்னண்ணன் விழித்தார். "பூச்சிக்கு ஏது அம்மிணி செனை?"

"வந்து பாருங்க. பாத்துட்டு உங்களுக்குச் சரின்னு பட்டாக் கொளுத்துங்க. நானு ஒண்ணுஞ் சொல்லல."

அவர் தகரத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து குனிந்தார். பொந்துக்குள் பூச்சி ஒரு வெள்ளை உருண்டையை அணைத்துக்கொண்டிருந்தது. எலுமிச்சங்காய் அளவு, பஞ்சுபோல. கால்களால் அதை மெதுவாகத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டது. நிழல் பட்டதும் உருண்டையை வயிற்றடியில் இழுத்துக்கொண்டு முன்னங்கால்களைத் தூக்கியது. சின்னண்ணன் காளையும் பசுவும் வைத்துப் பிழைத்த மனிதர். செனை மாட்டை அவர் சாட்டையால்கூடத் தொட்டதில்லை. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"அவளுக்கு நானு என்ன பதில் சொல்றது?" என்று கடைசியில் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"நான் வாரனுங்க. நானே சொல்லிக்கறேன்."

அவள் போய் ஒன்றும் சொல்லவில்லை. ராமாயி படுத்திருந்த நாளெல்லாம் அந்த வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தாள், அவர்கள் மாட்டைக் கறந்தாள், வேப்பிலை அரைத்துக் கொடுத்தாள். ராமாயி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கி காய்ந்து பொருக்கு உதிரத் தொடங்கிய ஒரு நாளில், திரும்பாமலே கேட்டாள்: "உன்ர பூச்சி குஞ்சு பொரிச்சுதா?"

"இன்னம் இல்லீங்கக்கா."

"பொரிச்சா என்னத்தத் திங்கும்?"

அதுதான் கண்ணாத்தாளுக்கும் தெரியவில்லை.

மார்கழியில் பொரித்தது. உருண்டையிலிருந்து கடுகுபோலக் குஞ்சுகள் கசிந்து வந்தன. கட்டையின்மேல், தாயின் முதுகின்மேல், எங்கும் குஞ்சுகள். கம்பிவலையின் கண்ணில் அவை தாராளமாக நுழையும் என்று பார்த்ததும் புரிந்துகொண்டு, சுப்பையனின் பழைய மல்வேட்டியைக் கிழித்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். புற்றை உடைத்துக் கரையான் கொண்டுவந்து தூவினாள். ஆணைத் தின்ற அதே பூச்சி குஞ்சுகள் தன்மேல் ஏறி இறங்குவதை அசையாமல் பொறுத்துக்கொண்டிருந்தது. இதற்கு என்ன நியாயம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நியாயம் என்று ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் சுப்பையன் வந்தான். கூடவே ரிக் வண்டியில் வேலை செய்யும் வேலுமணியும் பெரியசாமியும். ஆள் கறுத்து, தோள் அகன்றிருந்தான். ஆனால் எதைச் சொன்னாலும் கத்திச் சொன்னான். கண்ணாத்தாள் பேசினால் அவள் வாயையே பார்த்தான். கம்ப்ரசர் சத்தத்தில் இடக்காது போய்விட்டது என்று வேலுமணிதான் சொன்னான். அவள் திகைத்து நின்றாள். அதைப் பற்றிக் கேட்கவும் நேரம் கிடைக்கவில்லை. விருந்துக்குக் கோழி அடிக்க வேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பேச்சு பூச்சியிடம் வந்தது. வருடம் முழுக்க அதைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பானாம்.

"கையில எடுப்பன்னு சொன்னயே மாப்ள, எடு பாக்கலாம்" என்றான் பெரியசாமி.

அவன் ஒருநாளும் அதைக் கையில் எடுத்ததில்லை. கண்ணாத்தாளுக்குத் தெரியும். இருந்தாலும் சுப்பையன் எழுந்து பெட்டியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான்.

"வேண்டாமுங்க, குஞ்சு இருக்குது! கை வெக்காதீங்க!"

அவன் கேட்கவில்லை. காது கேட்கவில்லையா, ஆட்களுக்கு முன்னால் கேட்க மனமில்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. கண்ணாடியை நகர்த்திக் கையை உள்ளே விட்டான். அடுத்த கணம் அலறினான்.

திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் கை முழங்கைவரை வீங்கியது. தசைகள் தாமாக முறுக்கி இழுத்தன. வேர்த்துக் கொட்டியது. பொங்கலன்று ஊரெல்லாம் பானை பொங்க, அவன் கட்டிலில் கிடந்து துடித்தான்.

"அதக் கொளுத்துங்கண்ணா. இப்பவே கொளுத்துங்க" என்று கத்தினான்.

பார்க்க வந்த சின்னண்ணன் பெட்டியைப் பார்த்தார், கண்ணாத்தாளைப் பார்த்தார். "குஞ்சு இருக்குதடா. தாய் இருக்கற எடத்துல கையக் கொண்டுபோயி வெச்சது நீ" என்றார்.

சுப்பையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இழுப்பு உடனே விடவில்லை. அடங்கியதுபோல இருக்கும், மறுபடியும் விரல்கள் மடங்கும். அதற்குள் ரிக் வண்டி கிளம்பும் நாள் வந்தது. வேலுமணி வாசலுக்கு வந்து பார்த்தான். இந்தக் கையோடு குழாய் தூக்க முடியாது, அடுத்த தடவை சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டான். வண்டி போன பிறகு சுப்பையன் கட்டிலைவிட்டு எழுந்து, வழக்கமான இடத்துக்கு வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். கண்ணாத்தாள் அவனுடைய வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அந்தக் காது கேட்கும்.

சட்டை உரித்ததைச் சொன்னாள். ஆண் வந்து தட்டியதைச் சொன்னாள். பலகையில் விரலால் தட்டியும் காட்டினாள். அது செத்ததையும் சின்னண்ணன் மண்ணெண்ணெயோடு வந்ததையும் சொன்னாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவள் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவனும் பாதியில் எழுந்து போகவில்லை.

"உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டான்.

"பயந்தானுங்க. இப்பவும் பயந்தான். அதுக்காகப் பாக்காம இருக்க முடியுதா?"

அவன் மடங்கிய விரல்களை மறுகையால் நீவிவிட்டுக்கொண்டான். "ஒருக்காக்கூட நானு அதயக் கையில எடுத்ததில்ல. அவனுககிட்டப் பொய் சொன்னேன். அங்க கல்லுந் தூசியுந்தான். சொல்றதுக்கு எங்கிட்ட வேற என்ன இருந்துது?"

காது போனது எப்போது என்று கண்ணாத்தாள் கேட்டாள். அவன் சொன்னான். அது ஒரே நாளில் போகவில்லையாம்.

மாசியில் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. இனி அவற்றை அடைத்துவைக்கக் கூடாது என்று கண்ணாத்தாள் முடிவு செய்தாள். சாலையோரப் புளியமரங்களைச் சாலை அகலப்படுத்த வெட்டிக்கொண்டிருந்ததால் அங்கே விட அவளுக்கு மனமில்லை. மகளைப் பார்க்கப் போகிற சாக்கில், தாயைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, குஞ்சுகளை மட்டும் ஒரு தகர டப்பாவில் போட்டு, துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டு இருவரும் சங்ககிரி பஸ்ஸில் ஏறினார்கள்.

"டப்பாவுல என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"குஞ்சுங்க" என்றாள்.

"கோழிக்குஞ்சா? மூச்சு முட்டாமப் புடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். சுப்பையன் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

மலையடிவாரத்தில் பொந்து விழுந்த மரங்களாகப் பார்த்துப் பார்த்துத் துணியை அவிழ்த்தார்கள். கூட வந்த வசந்தாமணி முதலில் தூரமாக நின்றாள். பிறகு, "இந்த மரத்துல ரொம்ப விட்டுட்டீங்கம்மா, அந்த மரத்துக்கும் கொஞ்சம் வையுங்க" என்று சொல்லும் அளவுக்கு நெருங்கி வந்தாள். குஞ்சுகள் பட்டையின் வெடிப்புகளில் நுழைந்தன. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கண்ணாத்தாள் அவன் வலக்காதுப் பக்கம் சாய்ந்து கேட்டாள். "அடுத்த வண்டிக்குப் போறீங்களா?"

"சித்திரையில வரச் சொல்லி அனுப்புவாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"இருக்கற காதையாவது வெச்சுக்கலாம்னு பாக்கறேன்" என்றான்.

அவள் தலையாட்டினாள். கடலை போட விதைக்காய் உரிக்க வேண்டும், எருமைக்குத் தீவனம் தீர்ந்துகொண்டிருக்கிறது, கிணற்றில் தூர் வாரினால் ஒரு போகத்துக்காவது தண்ணீர் தேறுமா என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்து கேட்டுக்கொண்டு வந்தான்.